செம்பு நமக்கு வேண்டும். குழி மட்டும் பிறர் ஊரிலா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

சென்ற ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பள்ளி விடுதியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேல்தொட்டி வறண்டு கிடந்தது. மோட்டார் பழுதாகிவிட்டது என்று எண்ணி எலெக்ட்ரீசியனை அழைத்தார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. சுவிட்சுப் பெட்டியிலிருந்து ஆழ்துளைக் கிணறு வரை போகும் கேபிளைத்தான் காணோம்! இரவோடு இரவாக யாரோ அதை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தோட்டத்து மதிலோரம் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தோல் மட்டும் பாம்புச் சட்டை போல உரிந்து கிடந்தது. உள்ளே இருந்த செம்பு எந்தப் பழைய இரும்புக்கடைத் தராசில் ஏறியதோ, இன்றுவரை தெரியவில்லை.

விடுதித் தோழியர் இரண்டு நாள் வாளி சுமந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர், “செம்பின் மதிப்பு திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. படிக்கிற உங்களுக்குத்தான் தெரியவில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் நாங்கள் செம்பைப் பற்றியே பேசினோம், படித்தோம், சண்டையும் போட்டோம். அந்தச் சண்டையின் சாரத்தை ஆண்டு மலரில் எழுதும்படி வகுப்பார் பணித்ததால் இந்தக் கட்டுரை.

நம் தமிழில் செம்பு என்றால் உலோகமும் அதுதான், தண்ணீர் குடிக்கும் பாத்திரமும் அதுதான். பாத்திரம் எவர்சில்வராக மாறிய பிறகும் நாம் அதைச் செம்பு என்றே கூப்பிடுகிறோம். அரசர்கள் ஊர்களைத் தானம் கொடுத்தபோது செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. கோவில் மணியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். இத்தனைக்கும் சோழ நாட்டில் சொல்லும்படியான செம்புச் சுரங்கம் இருந்ததில்லை. வெளியிலிருந்து வாங்கித்தான் வார்த்திருக்க வேண்டும். இலங்கையிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே செம்புக்குக் கடல் பார்த்து நிற்பது நமக்குப் புதிய பழக்கமன்று. ஆனால் அன்று தேவைப்பட்டது சிலைக்கும் பாத்திரத்துக்கும். இன்று தேவைப்படுவதோ வேறு அளவு.

வெள்ளிக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் செம்பே. வெள்ளியில் கம்பி இழுத்து வீடு கட்ட யாராலும் முடியாது. அலுமினியம் உயரே போகும் மின்தடங்களுக்குச் சரி. ஆனால் அதே அளவு மின்சாரத்தைக் கடத்த அதன் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், எதற்குச் செம்பு கேட்கிறார்கள் என்று சொல்வார்கள். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியிலும், அப்பாவின் கைபேசியிலும், மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரிலும் செம்பு இருக்கிறது. பெட்ரோலில் ஓடும் ஒரு காரில் சுமார் 20 கிலோ செம்பு; மின்சாரத்தில் ஓடும் காரில் சுமார் 80 கிலோ. புகையில்லாத வண்டி வேண்டும் என்று நாம் கேட்கும்போது நான்கு மடங்கு செம்பையும் சேர்த்தே கேட்கிறோம்.

சென்ற ஆண்டு சுற்றுலா போனபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ்ஸை நிறுத்திக் காற்றாலைகளைப் பார்த்தோம். காற்றுக்கு விலையில்லை, புகையில்லை என்று அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். காற்றுக்கு விலையில்லைதான். ஆனால் ஒரு மெகாவாட் காற்றாலைக்கு ஏறத்தாழ 3 டன் செம்பு வேண்டியிருக்கிறது. முப்பந்தல் பகுதியில் சுமார் 1,500 மெகாவாட் என்றால் 4,500 டன் ஆகிறது. ஒரு கணவாய்க்கு மட்டும் இவ்வளவு! சூரிய ஒளித் தகடுகளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். இப்போது செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்தக் கணினிகளை அடுக்கி வைக்கும் தரவு மையங்களுக்குள்ளும் மின்சாரம் செம்பு வழியாகத்தான் போகிறது. சென்னையிலேயே அப்படிப்பட்ட கட்டடங்கள் பல எழும்பிவிட்டன.

இனி நம் நாட்டின் இருப்பைப் பார்ப்போம். இந்தியாவில் செம்புத் தாதுவை வெட்டி எடுப்பது 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் காப்பர் என்ற பொதுத்துறை நிறுவனம். ராஜஸ்தானில் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தில் பாலாகாட் மாவட்டத்து மலஞ்ச்கண்ட், ஜார்க்கண்டில் சிங்பூம் ஆகியவை அதன் சுரங்கப் பகுதிகள். கேத்ரி வட்டாரத்தில் மௌரியர் காலத்திலேயே செம்பு எடுத்தார்கள் என்று சொல்கிறார்கள். மலஞ்ச்கண்டில் 1982 முதல் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி, இப்போது பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் தாது. அடேயப்பா என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். அந்தக் கல்லில் நூற்றுக்கு ஒரு பங்குதான் செம்பு. ஒரு டன் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு வடித்தால் 10 கிலோகூடத் தேறாது. ஆகக் கடைசியில் கிடைப்பது 25 ஆயிரம் முதல் 30 ஆயிரம் டன் செம்பு. நாட்டின் தேவையோ ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கும் மேல். மேலே சொன்ன முப்பந்தல் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மீதி எங்கிருந்து வருகிறது? கடல் கடந்து வருகிறது. குஜராத்தின் தகேஜிலும், 2024இல் இயங்கத் தொடங்கிய முந்த்ராவிலும் பெரிய உருக்காலைகள் இருக்கின்றன. ஆனால் அடுப்பு நம்முடையது, அரிசி அடுத்த வீட்டுடையது. உலகச் சுரங்கங்களில் கிடைக்கும் செம்பில் சிலி நாடு மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தருகிறது. பெரு, காங்கோ போன்றவை அடுத்து வருகின்றன. அங்கே ஒரு சுரங்கம் மூடினால் இங்கே விலை ஏறுகிறது. பனாமா நாட்டில் 2023 நவம்பரில் மக்கள் தெருவில் இறங்கிப் போராட, நீதிமன்றமும் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளிக்க, உலகச் செம்பில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்த ஒரே சுரங்கம் மூடப்பட்டது. 2024 மே மாதத்தில் செம்பின் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 2025 ஜூலையில் சிலியின் எல் தெனியன்தே சுரங்கம் இடிந்து 6 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு பாய்ந்து 7 பேர் மாண்டார்கள். விலை ஏறியதையும் இறங்கியதையும் வணிகப் பக்கங்கள் பெரிதாக எழுதின. இறந்தவர்களைப் பற்றி நாங்கள் தேடித்தான் படித்தோம்.

உண்மையைச் சொன்னால் எங்களை அசைத்தது விலை அன்று. காங்கோவில் கொல்வேசி என்று ஓர் ஊர். செம்பும் கோபால்ட்டும் அங்கே ஒரே மண்ணில் கலந்து கிடக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தோண்டுவது போக, ஏழைக் குடும்பங்களும் தாமே குழி தோண்டி மண்ணை அள்ளி விற்கின்றன. குழந்தைகளும் கல் பொறுக்குகிறார்கள், கழுவுகிறார்கள். எங்கள் வயதுப் பெண்கள் பள்ளிக்கூடம் போக வேண்டிய நேரத்தில் மூட்டை சுமக்கிறார்கள். அந்த மண் எத்தனையோ கை மாறி நம் கைக்கு வருகிறது; வரும்போது பளபளப்பாக, டப்பாவில் வருகிறது. “நம் நாட்டில் சுரங்கம் வேண்டாம், காடு அழியும்” என்று நாம் சொல்லிவிட்டுச் செம்பை மட்டும் இறக்குமதி செய்தால் காடு பிழைத்துவிட்டதா? வேறோர் ஊர்க் காடு அழிந்தது, அவ்வளவுதானே! குழியை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தோண்டச் சொல்வது தருமமாகாது என்பது எங்கள் தாழ்மையான அபிப்பிராயம். நம் மண்ணில் தோண்டினால் குறைந்தபட்சம் அதை நாம் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சட்டசபையில் பேசவைக்கலாம், நீதிமன்றம் போகலாம். கொல்வேசிக்காக நம்மால் எந்தக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க முடியும்?

இவ்வளவு வீராவேசமாகப் பேசியபோது எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய சித்தப்பா குடும்பம் தூத்துக்குடியில் இருக்கிறது. “2018இல் என்ன நடந்தது என்று தெரியுமா?” என்றாள். வகுப்பு அடங்கிவிட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு செய்யும் உருக்காலையால் காற்றும் நீரும் கெடுகின்றன என்று கூறி அவ்வூர் மக்கள் போராடினார்கள். அந்த மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த பெண். ஆலை மூடப்பட்டது, மூடியது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் முடிவு செய்தது. அதுவரை சுத்தச் செம்பை வெளிநாட்டுக்கு அதிகம் விற்றுக்கொண்டிருந்த நம் நாடு, 2018-19 முதல் அதிகம் வாங்கும் நாடாயிற்று.

அது சுரங்கம் அன்று, உருக்காலை. தாதுகூட வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நாங்கள் பதில் சொன்னோம். பதில் சரிதான், ஆனால் போதாது. உருக்குலையில் கந்தகம் எரிந்து எழும் வாயுவை முழுவதும் பிடித்துக் கந்தக அமிலமாக்கினால் அது விற்பனைப் பொருள். பிடிக்கத் தவறினால் அது ஊராரின் இருமல். சுரங்கத்திலும் அப்படியே. 100 டன் கல்லில் 99 டன் கழிவுதானே? அந்த அரைத்த சேற்றை எங்கே கொட்டுகிறார்கள், அந்த அணையின் கரை எத்தனை மழை தாங்கும், ஓடையில் கலக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மலஞ்ச்கண்டைச் சுற்றிக் கோண்டு, பைகா பழங்குடியினர் வாழ்கிறார்கள். வீட்டில் ஒரு மின்விசிறிகூட இல்லாதவன் காலடியில் நம் மின்விசிறிக்கான செம்பு கிடந்தால், இழப்பு அவனுக்கு, காற்று நமக்கு என்று ஆகிவிடாதா? நாங்கள் மேலே சொன்ன “பிறர் ஊர்” காங்கோவாக மட்டும் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பாலாகாட்டும் எங்களுக்குப் பிறர் ஊர்தான். இதை அந்தத் தோழிதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒப்புக்கொள்கிறோம்.

கணித ஆசிரியையும் தம் பங்குக்கு ஒரு குண்டு போட்டார்கள். 2015ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி நம் நாட்டில் கண்டறிந்த செம்புத் தாது மொத்தம் சுமார் 151 கோடி டன். அதற்குள் இருக்கும் செம்பு சுமார் 1 கோடியே 20 லட்சம் டன். “ஆண்டுக்கு 10 லட்சம் டன் செலவழித்தால் எத்தனை ஆண்டுக்கு வரும்?” என்று கேட்டார்கள். பன்னிரண்டு! அதிலும் இன்றைக்கு லாபகரமாக எடுக்கக்கூடியது என்று உறுதியானது 27 லட்சம் டன்தான். இப்போது எடுக்கும் தாதுவை மூன்று மடங்காக்கி 122 லட்சம் டன் ஆக்க அரசு நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. அது முழுதாக நிறைவேறினாலும் தேவையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எட்டும். ஆகவே சுரங்கம் வெட்டினால் போதும், நாடு தன்னிறைவு அடையும் என்று மேடையில் முழங்குபவர்களை நம்ப வேண்டாம். நாங்களும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் முழங்கினோம்.

பின்னே ஏன் வெட்ட வேண்டும்? பத்தில் ஒரு பங்கு என்பது சிறியதன்று என்பதே எங்கள் பதில். வீட்டில் பத்துப் படி அரிசியில் ஒரு படியாவது சொந்த வயலில் விளைந்தால், கடைக்காரன் விலையை ஏற்றும் நாளில் பானை ஒரேயடியாகக் கவிழாது. மேலும் மேலே சொன்னது இதுவரை தேடிக் கண்டது மட்டுமே. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இன்னும் ஆழமாகத் தேட வேண்டிய இடம் ராஜஸ்தானத்திலேயே நிறைய இருக்கிறது. 2023இல் நாட்டுக்கு இன்றியமையாத 30 கனிமங்களின் பட்டியலில் செம்பையும் சேர்த்தார்கள். அதே ஆண்டில் ஆழத்தில் கிடக்கும் கனிமங்களைத் தேடுவதற்கென்று தனி உரிமம் வழங்கவும் சட்டம் திருத்தினார்கள். தேடும் வேலையை இன்றே செய்தாக வேண்டும். ஏனெனில் ஒரு தாதுவைக் கண்டுபிடித்த நாளிலிருந்து சுரங்கம் உற்பத்தி தர உலக சராசரியில் 16 ஆண்டுக்கு மேல் ஆகிறதாம். நாங்கள் பிறந்த அன்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால்கூட இன்னும் திறந்திருக்க மாட்டார்கள்! எங்கள் பிள்ளைகளுக்கான செம்பை நாங்கள் பள்ளியில் இருக்கும்போதே தேடத் தொடங்க வேண்டும்.

ஆனால் எப்படித் தோண்டுவது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்த ஊர்க் கிராம சபையைக் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகளைக் கேட்டார்கள், பன்னிரண்டும் மறுத்தன, மலை தப்பியது, அரசும் கவிழ்ந்துவிடவில்லை. 2015 முதல் சுரங்க மாவட்டங்களுக்கென்று ஒரு கனிம நிதி சட்டத்தில் இருக்கிறது. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமைத் தொகைக்கு மேல், பழைய குத்தகையானால் நூற்றுக்கு 30, புதிய ஏலக் குத்தகையானால் நூற்றுக்கு 10 அந்நிதிக்குப் போக வேண்டும். நல்ல சட்டம். அந்தப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்தால் என்ன? எங்கள் பள்ளியில் சத்துணவுப் பட்டியலை எழுதுவது போல எழுதலாமே. இன்னொன்று, உள்ளே இறங்குபவரின் உயிர். 2024 மே 14 இரவு கேத்ரியை அடுத்த கோலிஹான் சுரங்கத்தில் லிப்ட் கம்பி அறுந்து 15 பேர் ஆழத்தில் சிக்கினார்கள். மறுநாள் 14 பேர் பிழைத்து மேலே வந்தார்கள். ஒருவர் பிணமாக வந்தார். சுரங்கத்தைப் பார்வையிட இறங்கிய அதிகாரிகளுக்கே இந்தக் கதி என்றால் தினமும் இறங்குபவரை எண்ணிப் பாருங்கள்.

தோண்டாமலே கிடைக்கும் செம்பு ஒன்று உண்டு. அது நம் வீட்டுப் பரணிலும் பழைய இரும்புக்கடையிலும் கிடக்கிறது. செம்பை எத்தனை முறை உருக்கினாலும் அதன் குணம் குறைவதில்லை. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் மின்னாற்பகுப்பு முறையில் செம்பைச் சுத்தம் செய்யும் படம் இருக்கிறதே, அசுத்தச் செம்பு கரைந்து எதிர்ப்பக்கம் சுத்தச் செம்பாகப் படிவது, அதே முறையில் பழைய கம்பியும் புதிய செம்பாகிவிடும். உலகம் பயன்படுத்தும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி மறுபிறவி எடுத்து வந்ததுதான். நம் ஊர்களில் கம்பியைத் தெருவோரம் கொளுத்தித் தோலை எரிக்கிறார்களே, அந்தக் கரும்புகையை நிறுத்தி ஒழுங்கான முறையில் செய்தால் அதுவும் ஒரு சுரங்கமே. எங்களில் ஒருத்தியின் ஆச்சி, பரணில் இருந்த செம்புத் தவலையைப் பாத்திரக்கடையில் போட்டுக் குக்கர் வாங்கலாம் என்றிருந்தார்கள். பேத்தி இந்த விஷயங்களை எல்லாம் எடுத்துச் சொன்னதும், “அவ்வளவு கிராக்கியா? அப்போ இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்களாம். மறுசுழற்சிப் பிரசாரம் இப்படியும் தோற்பதுண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யக் கூடாது என்றது. 2019இல் அந்தத் தடையைத் தளர்த்தி, தொழில்நுட்பப் பணிகளிலும் மேற்பார்வைப் பணிகளிலும் பெண்கள் பகல் நேரத்தில் இறங்கலாம் என்றார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படிப்பு இருக்கிறது. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அதைப் படிக்க விரும்புகிறார்கள். வீட்டில் சொன்னபோது ஒருத்தியின் அம்மா, “மண்ணுக்குள்ளே போறதுக்கா உன்னைப் படிக்க வைக்கிறேன்?” என்று கேட்டார்களாம். கழிவு அணையின் கரையைச் சரியாகக் கட்டவும், லிப்ட் கம்பியைச் சரியாகச் சோதிக்கவும் யாராவது படித்துத்தானே ஆக வேண்டும் அம்மா?

கடைசி வெள்ளிக்கிழமை வகுப்பில் கை தூக்கச் சொல்லி எண்ணினோம். இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளோடு நம் நாட்டில் செம்புச் சுரங்கம் பெருக வேண்டும் என்று 27 பேர். கூடாது என்று 16 பேர். தூத்துக்குடித் தோழி இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை. “கேட்டுவிட்டுத் தோண்டுகிறோம் என்று சொல்கிறீர்கள். கேட்ட பிறகும் தோண்டினால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இதையும் கட்டுரையில் எழுத வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள், எழுதியிருக்கிறோம்.